முகம் பார்க்காத கண்

திசையன்விளையிலிருந்து கிளம்பும் சாலைகளில் மலையேற்றம் இல்லை. வளைவுகளும் அதிகம் இல்லை. தேரிக்காட்டுச் செம்மண்ணையும் முருங்கைத் தோட்டங்களையும் பனங்காடுகளையும் ஊடறுத்துக்கொண்டு மேற்கே வள்ளியூருக்கும், மன்னார்புரம் விலக்கு வழியாக நாங்குநேரிக்கும், வடக்கே சாத்தான்குளத்துக்கும், தெற்கே உவரிக் கடற்கரைக்கும் அவை போகின்றன. முருங்கைக்காய் ஏற்றிய லோடு ஆட்டோ, பள்ளி வேன், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், ஒரே பைக்கில் மூன்று பேர் என எல்லோருக்கும் அந்த ஒரே தார்ப்பட்டைதான். நடப்பவருக்கென்று தனி இடம் கிடையாது. ஆளில்லாத நேர்ச்சாலை வேகத்தைத் தானாகவே கூட்டும். அடிபட்டவருக்குப் பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்; அது 50 கிலோமீட்டருக்கு மேல். இப்படிப்பட்ட சாலைகளில் வேகத்தை அளக்கும் தானியங்கிக் கேமராக்கள் வரத்தான் வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அவை நியாயமாக நடக்குமா என்பது கருவியின் கூர்மையைப் பொறுத்ததல்ல. எடுத்த பதிவு யார் கையில் இருக்கிறது, அதை யார் கேட்டுப் பெறலாம், யார் அழிக்கலாம் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல இந்த வட்டாரத்துக்குத் தனி உரிமை உண்டு. அதற்கான காரணம் பின்னால் வரும்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 136ஏ என்ற பிரிவைச் சேர்த்து, சாலைகளை மின்னணு முறையில் கண்காணிக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் ஒப்படைத்தது. 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி அதன் நடைமுறையை வகுத்தது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும். கேமரா இருப்பதை ஓட்டுநருக்கு முன்கூட்டியே அறிவிக்கும் பலகை வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். விவகாரம் முடியும்வரை பதிவைக் காக்க வேண்டும். கேமரா வைக்க வேண்டிய இடங்களாக, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் ஆபத்தும் நெரிசலும் மிகுந்த பகுதிகளையும், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களையும், பட்டியலிட்ட 132 நகரங்களின் முக்கியச் சந்திப்புகளையும் விதி சொல்கிறது. ஆனால் மக்கள் எங்கே சாகிறார்கள் என்று பார்த்தால் இந்த வரைபடத்தில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு 36 சதவீதம், மாநில நெடுஞ்சாலைகளின் பங்கு 24 சதவீதம். மீதி 39 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ‘பிற சாலைகள்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறார்கள். ஊரையும் ஊரையும் இணைக்கும் மாவட்டச் சாலைகளும் கிராமச் சாலைகளும் அடங்கியதுதான் அந்தப் ‘பிற’. மொத்த இறப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு கிராமப்புறங்களில் நடந்தவை. அதே ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாங்குநேரி வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் கேமரா வைக்க விதி வழிசெய்கிறது. அங்கிருந்து இறங்கித் திசையன்விளைப் பக்கம் திரும்பும் வண்டி பல இடங்களில் விதியின் பார்வைக்கு வெளியே போய்விடுகிறது. மரணப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் சாலைவகை, கண்காணிப்புப் பட்டியலில் பெயரே இல்லாமல் இருக்கிறது.

வேகத்துக்கு இவ்வளவு அழுத்தம் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. ‘ஓட்டத் தெரிந்தவன் எந்த வேகத்திலும் ஓட்டுவான்’ என்ற பேச்சு நம் ஊர்களில் சாதாரணம். வண்டியின் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் மோதினால் நடந்துபோகும் ஒருவர் இறக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்குக் கீழ்; 80 கிலோமீட்டரில் அது 60 சதவீதத்தை நெருங்குகிறது. பாதயாத்திரைக் கூட்டமும் ரோட்டோரம் நடக்கும் பள்ளிப் பிள்ளைகளும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறார்கள். கேமரா இந்த வேகத்தைக் குறைக்குமா என்பதற்கும் சான்று இருக்கிறது. பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கேமரா வைத்த இடங்களுக்கு அருகில் உயிர்ச்சேதமோ கடுங்காயமோ விளைவித்த விபத்துகள் 11 முதல் 44 சதவீதம்வரை குறைந்ததாகக் கண்டது. ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை என்று தொகுத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எல்லா ஆய்வுகளும் குறைவு என்ற ஒரே திசையைத்தான் காட்டின. பிரான்ஸ் 2003இன் இறுதியில் தானியங்கி ராடார்களை நிறுவத் தொடங்கியது. 2002இல் 7,000ஐத் தாண்டியிருந்த சாலை மரணங்கள் 2010இல் 4,000க்குக் கீழே வந்தன. குடிபோதைக் கட்டுப்பாடு போன்ற வேறு நடவடிக்கைகளுக்கும் அதில் பங்கு உண்டு. அவற்றைக் கழித்தாலும் ராடாரின் பங்கு சிறியதல்ல.

கேமராவுக்கான வலுவான காரணமாக எனக்குப் படுவது வேறொன்று. நம் சாலைகளில் சட்டம் இன்றுவரை ஆள் பார்த்து நடக்கிறது. சோதனையில் வண்டியை ஓரங்கட்டியதும் ஓட்டியவர் சட்டைப்பையிலிருந்து உரிமத்தை எடுப்பதற்கு முன் போனை எடுக்கிறார். ஊர்ப் பெரியவர் பெயர், கட்சிக்காரர் பெயர், சொந்தக்காரக் காவலர் பெயர் என ஏதாவது ஒன்று வேலை செய்கிறது. காரின் முகப்பில் பறக்கும் கொடிக்கு ஒரு மரியாதை, லுங்கி கட்டிய பைக்காரருக்கு வேறொரு மரியாதை. இதில் தப்பிப்பவருக்குக் கிடைப்பது அபராதத் தொகை மட்டுமல்ல. சட்டம் தனக்கில்லை என்ற பாடமும் கிடைக்கிறது. பிடிபடுபவர் கற்றுக்கொள்வதும் அதே பாடத்தைத்தான், வேறு பக்கத்திலிருந்து: தன் தப்பு வேகமல்ல, ஆள்பலம் இல்லாததுதான் என்று. தண்டனையின் கடுமையைவிடத் தண்டனை தப்பாது என்ற உறுதிதான் குற்றத்தைக் குறைக்கும் என்று இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே எழுதினார். சாலையோரத் தீர்ப்பில் இல்லாதது அந்த உறுதிதான். நம்பர் பிளேட்டைப் படிக்கும் கருவி முகதாட்சண்யம் பார்க்காது. யாருக்கு யார் சொந்தம் என்பது அதற்குத் தெரியாது.

காவலரின் விருப்பத்துக்கு விடப்பட்ட சிறுவிதி எவ்வளவு தூரம் போகும் என்பதைத் திசையன்விளைக்கு வடக்கே, பக்கத்து ஊரான சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் நாடே பார்த்தது. பொதுமுடக்கக் காலத்தில் செல்போன் கடையை அனுமதித்த நேரத்துக்கு மேல் திறந்துவைத்ததாகச் சொல்லி ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் காவலில் இறந்தார்கள். அது போக்குவரத்து வழக்கல்ல. ஆனால் அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டிய ஒரு சிறு குற்றச்சாட்டு, காவலரும் குடிமகனும் நேருக்கு நேர் நிற்கும் இடத்தில் என்னவாக மாற முடியும் என்பதற்கு இந்தப் பகுதி மக்களுக்கு வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை. சாலையில் நடக்கும் அத்தகைய சந்திப்புகளை ஒரு பதிவும் ஒரு நோட்டீசும் ஓரளவாவது குறைக்குமென்றால், அதுவே கேமராவை வரவேற்கப் போதிய காரணம்.

ஆனால் அதே வழக்கு மறுபக்கத்தையும் காட்டியது. அந்தக் காவல் நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், பதிவுக் கருவியின் வட்டில் ஒரு டெராபைட் அளவு இடம் இருந்தும், பதிவு அன்றாடம் தானாகவே அழிந்துவிடும்படி அது அமைக்கப்பட்டிருந்ததைத் தன் அறிக்கையில் எழுதினார். கண் இருந்தது; நினைவு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கவும், பதிவை 18 மாதம் காக்கவும் உத்தரவிட்டது. குடிமகன்மேல் வைக்கும் கேமராவின் பதிவு பத்திரமாக இருக்கிறது, அதிகாரியின்மேல் வைத்த கேமராவின் பதிவு காணாமல் போகிறது என்ற நிலை இருக்கும்வரை சாலைக் கேமராவை மக்கள் நம்பவில்லை என்று குறைசொல்ல முடியாது. அந்த நம்பிக்கையைக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு அரசுடையது.

கேமராத் திட்டம் நடைமுறையில் எப்படிப் போகும் என்று அறிய ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அண்டை மாநிலத்தைப் பார்த்தால் போதும். ‘சேஃப் கேரளா’ திட்டத்தில் கேரள அரசு, கெல்ட்ரான் நிறுவனத்தின் மூலம், சுமார் 232 கோடி ரூபாயில் 726 கேமராக்களை நிறுவி 2023 ஏப்ரலில் தொடங்கிவைத்தது. முதலில் எச்சரிக்கை அறிவிப்பு, பிறகு ஜூன் 5 முதல் அபராதம். அந்த 726இல் 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட், ஓட்டும்போது செல்போன் ஆகியவற்றைப் பார்ப்பவை. வேகத்தை அளப்பவை, நிலையானவையும் நடமாடுபவையும் சேர்ந்து, எட்டே எட்டு. விளைவும் அதற்கேற்பத்தான் இருந்தது. 2022இல் 4,300ஐத் தாண்டியிருந்த இறப்புகள் 2023இல் 4,080 அளவுக்கு இறங்கின. விபத்துகளோ சுமார் 44,000இலிருந்து 48,000க்கு ஏறின. தலைக்கவசமும் சீட் பெல்ட்டும் விபத்தைத் தடுப்பவை அல்ல, விபத்தில் சாவைத் தடுப்பவை என்பதோடு இது பொருந்துகிறது. ஓராண்டுக் கணக்கை வைத்து அதற்கு மேல் அழுத்திச் சொல்லக் கூடாது. திட்டத்தின் துணை ஒப்பந்தங்கள் குறித்து எதிர்க்கட்சியினர் ஊழல் குற்றச்சாட்டு எழுப்பினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. பிறகு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தவணை நிலுவையில் நின்று, பணியாளர் குறைந்து, நோட்டீஸ் அனுப்பும் வேலையும் தடைப்பட்டது. கேமரா படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தது. அந்தப் படத்தைச் சரிபார்த்து அனுப்பும் மனிதர்கள் இல்லாதபோது அதனால் பயனில்லை. ‘தானியங்கி’ என்ற சொல் மறைக்கும் மனித உழைப்பு இதுதான். திட்டம் போடுகிறவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியதும் இதுதான்.

பணம் பண்ணும் கருவி என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. உலகில் அது நடந்திருக்கிறது. சிக்காகோ நகரில் சிக்னல் கேமரா ஒப்பந்தத்துக்காகக் கையூட்டு வாங்கிய நகராட்சி அதிகாரி ஒருவருக்கு 2016இல் 10 ஆண்டு சிறை விதித்தார்கள். பிரிட்டனில் அபராதப் பணத்தின் ஒரு பகுதி கேமரா நடத்துபவர்களின் செலவுக்கே திரும்பிப் போகும் ஏற்பாடு இருந்தது; வசூலுக்காகவே கேமரா என்ற சந்தேகம் வளர்ந்ததால் 2007இல் அதைக் கைவிட்டார்கள். நம் சென்னையில் 2023 ஜூனில் வேகமானிக் கருவிகளை வைத்து, பகலில் 40 கிலோமீட்டர் வரம்பு என்று அறிவித்தபோது, அகலமான சாலைகளில் அது நடக்காத காரியம் என்று எதிர்ப்பு எழுந்தது. காவல்துறை அபராதத்தை நிறுத்திவைத்து, அந்த ஆண்டு நவம்பரில் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வரம்பை மாற்றியது. அதைப் பின்வாங்கல் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது சரியான வரிசையாகத் தெரிகிறது. கருவியைப் பொருத்த முற்பட்டபோதுதான் வரம்பே ஆராயப்படாமல் கிடந்தது வெளிப்பட்டது. யாரும் பின்பற்றாத வரம்பை மனிதக் காவலர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம், கருவி விடாது. ஆகவே கேமரா வரும் முன் வரம்பு நியாயமானதாக இருக்க வேண்டும், அது பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கருவியின் அளவும் சரியாக இருக்க வேண்டும். சந்தையில் முருங்கைக்காய் நிறுக்கும் தராசுக்கு முத்திரை கட்டாயம் என்பதுபோல, வாகன வேகம் அளக்கும் ராடாருக்கும் சரிபார்த்து முத்திரையிடுவதைச் சட்டமுறை எடையளவு விதிகள் 2025 ஜூலை முதல் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஓட்டுநர் கேட்டால் அந்த முத்திரைச் சான்றைக் காட்ட வேண்டும்.

ஏழைகளின் தலையில்தான் விழும் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஹெல்மெட் போடாததற்கான அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. நூறுநாள் வேலையில் 2025-26இன் தினக்கூலி 336 ரூபாய். ஒரு நோட்டீஸ் மூன்று நாள் உழைப்பைத் தின்றுவிடும். அதோடு, கிராமங்களில் பைக் மூன்று நான்கு கை மாறியும் ஆர்.சி. புக்கில் பெயர் மாறாமலே ஓடுகிறது. நோட்டீஸ் பழைய சொந்தக்காரரின் பழைய போன் எண்ணுக்குப் போகிறது. வண்டியை விற்றுவிட்டவர் குற்றவாளியாகிறார், ஓட்டியவருக்குச் சேதியே தெரியாது. இதற்குப் பதில் கேமராவைக் கைவிடுவதல்ல. எந்தக் குற்றத்துக்காகக் கேமரா வைக்கிறோம் என்பதை மாற்றுவது. பஜாரில் 20 கிலோமீட்டரில் போகும் தலைக்கவசமில்லாத பைக்காரரைப் படம் பிடிப்பது எளிது. எண்ணிக்கையும் சீக்கிரம் ஏறும். விலக்கில் 90இல் பறக்கும் கார் பிறரைக் கொல்லக்கூடியது. ஹெல்மெட் போடாதவர் பெரும்பாலும் தன் உயிரை ஆபத்தில் வைக்கிறார், வேகமாகப் போகிறவர் அடுத்தவர் உயிரை. அரசின் வலிமை முதலில் இரண்டாமவரிடம் செல்ல வேண்டும். முதல் தடவைக்கு எச்சரிக்கை, பெயர் மாற்றாத வண்டிகளுக்குப் பேரூராட்சி அளவில் ஒரு முகாம் என்பவையெல்லாம் பெரிய செலவில்லாத காரியங்கள். இவற்றைச் செய்துவிட்டு அபராதம் போட்டால் யாரும் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார்கள்.

சாலையைச் சரிசெய்யாமல் ஓட்டுநரைத் தண்டிப்பதா என்று கேட்பவர்களும் நியாயத்தோடுதான் கேட்கிறார்கள். 2025 மே மாதம் சாத்தான்குளத்தை அடுத்த மீரான்குளத்தில், தேவாலயத் திருவிழாவுக்கு என்று கோயம்புத்தூரிலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் ஆம்னி வேன் சாலையோரக் கிணற்றுக்குள் விழுந்தது. கைக்குழந்தை உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். தேரி ஓரத்துச் சாலைகளில் போகிறவர்களுக்கு இத்தகைய கிணறுகள் புதிதல்ல. வண்டி தடம் மாறியது ஒரு பிழை. அந்தப் பிழையைச் சாவாக மாற்றியது தடுப்பில்லாத கிணறு. எந்தக் கேமராவும் அங்கே கைச்சுவர் கட்டித் தராது. ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் நமக்கு இல்லை. பெங்களூரு – மைசூரு நெடுஞ்சாலையில் 2023இல் 188 பேர் இறந்தார்கள். 2024இல் அது சுமார் 50 ஆனது. அங்கே வேகக் கேமராக்கள் மட்டும் வரவில்லை. பைக், ஆட்டோ போன்ற மெதுவான வண்டிகள் பிரதான வழியிலிருந்து விலக்கப்பட்டன, பாதுகாப்பு வேலைகளும் நடந்தன. கேமராவைக் கண்டதும் பிரேக் போட்டுத் தாண்டியதும் விரட்டுவார்கள் என்பதும் உண்மையே. அதற்காகத்தான் இரண்டு இடங்களில் நம்பரைப் படித்து, இடைப்பட்ட தூரத்தைக் கடந்த நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறை இருக்கிறது. இடையில் பிரிவுகள் குறைந்த, நேரான நம் வட்டாரச் சாலைகளுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். அபராதப் பணம் வந்த சாலையிலேயே முதலில் கிணற்றுக்குத் தடுப்பும் விலக்குக்கு விளக்கும் வைக்கட்டும். எங்கே வைப்பது என்பதற்கு ஊகம் தேவையில்லை, சென்னை ஐ.ஐ.டி. பங்கேற்று உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு விபத்தின் இடமும் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, கண்காணிப்பு. நம்பர் பிளேட் படிக்கும் கேமரா வேகமாகப் போனவரை மட்டும் பார்ப்பதில்லை. யார் எந்த இரவில் எந்த ஊருக்குப் போனார் என்பதையும் அறியும். சாதிச் சச்சரவும் காதல் திருமணத்துக்கு எதிரான துரத்தலும் உள்ள மாவட்டத்தில் அந்தத் தகவல் தவறான கைக்குப் போனால் உயிர் போகும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க இடம் வைத்திருக்கிறது. எனவே குற்றமில்லாத வண்டியின் பதிவு சில மணி நேரத்தில் அழிய வேண்டும், குற்றப் பதிவு வழக்கு முடியும்வரை அழியாமல் நிற்க வேண்டும். சாத்தான்குளத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. இந்தியச் சாலைகளின் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றம் போனவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2024 செப்டம்பரில் நீதிமன்றம் 136ஏ பிரிவை நடைமுறைப்படுத்தச் சொல்லி, தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களிடம் அறிக்கை கேட்டது. அறிக்கை தலைநகரத்தில் தாக்கலாவதோடு நிற்காமல் ஊருக்கும் வர வேண்டும். மன்னார்புரம் விலக்கில் ஒரு கேமரா வருமானால், திசையன்விளைப் பேரூராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும்: கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, எத்தனை நோட்டீஸ் போனது, மறுத்துச் சொன்னதில் எத்தனை ரத்தானது, அந்தச் சாலையில் எத்தனை பேர் இறந்தார்கள், அபராதம் பெற்ற வண்டிகளில் அரசு வண்டி எத்தனை, காவல்துறை வண்டி எத்தனை என்று.